விட்டு விட்டு வரும் நெட்டில் என்பிஎம் இன்ஸ்டால்: தங்கச்சிமடத்துக் கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, 16 ஏப்ரல் 2025 (தங்கச்சிமடம் வாசகர்)

அண்ணே, தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை அப்பாவின் கமிஷன் கடையில் பெரிய வேலை இருக்காது. அதற்குள் ஏலக் கணக்குக்கு ஒரு வெப் ஆப் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். போன் ஹாட்ஸ்பாட்டில் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, இறக்கும் கருவி) இன்ஸ்டால் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. கேஷை (இறங்கியதைச் சேர்த்துவைக்கும் இடம்) அழித்து, ஃபோல்டரை அழித்து மறுபடி போட்டேன். அப்போதும் பாதியில் நின்றது. ஒரு நாள் டேட்டா அதிலேயே தீர்ந்துபோனது. கூடப் படித்தவன், நம் கரையோர நெட்டுக்கு இந்தக் கருவியெல்லாம் ஆகாது, பழையபடி ஒரே எச்டிஎம்எல் ஃபைலில் எழுதிவிடு என்கிறான். அவன் சொல்வது சரியா?

17 ஏப்ரல், காலை

ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளுக்கு நெட் தேவைப்படுவது இறக்கும்போது மட்டும்தான். ஒருமுறை முழுதாக இறங்கிவிட்டால், அதன்பிறகு எழுதுவது, ஓட்டுவது, சோதிப்பது, பில்ட் செய்வது (வெளியிடும் வடிவில் கட்டுவது) எல்லாம் நெட் இல்லாமலே நடக்கும். அந்த முதல் இறக்கத்தை நம் ஊர் நெட்டுக்கு ஏற்றபடி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கேஷை அழிப்பதை நிறுத்துங்கள் தம்பி. இன்ஸ்டால் பாதியில் அறுந்தாலும், அதுவரை இறங்கிய பேக்கேஜ்கள் என்பிஎம்மின் கேஷில் பத்திரமாக இருக்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் அவற்றை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும்தான் நெட்டில் தேடும். ப்ராஜெக்ட்டுக்குள் பேக்கேஜ்கள் வந்து உட்காரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கேஷை அழித்தால்தான் காசு கொடுத்து வாங்கிய டேட்டா மொத்தமும் வீணாகும். எங்கே சிக்கினாலும் ‘கேஷ் கிளீன் ஃபோர்ஸ்’ போடு என்று பல வீடியோக்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2017இல் வந்த என்பிஎம் 5இலிருந்து கேஷில் இருப்பது கெட்டிருந்தால் அதுவே கண்டுபிடித்துத் திரும்ப இறக்கிக்கொள்ளும். கையால் அழிக்க வேண்டிய தேவை அநேகமாக வராது.

17 ஏப்ரல், இரவு

காலையில் அவசரமாக எழுதியதால் கட்டளைகளை விட்டுவிட்டேன்.

என்பிஎம் ஒரே நேரத்தில் 15 இணைப்பு வரை திறக்கும். ஃபைபர் இருக்கும் வீட்டில் அது வசதி. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் ஆடி ஆடி வரும் சிக்னலில், பதினைந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எல்லாமே காலாவதியாகும். அதனால் ‘என்பிஎம் கான்ஃபிக் செட் மேக்ஸ்சாக்கெட்ஸ் 3’ என்று குறைத்துவிடுங்கள். அறுந்தால் திரும்ப முயல்வது இயல்பாக 2 தடவைதான். ‘ஃபெட்ச் ரீட்ரைஸ்’ என்ற அமைப்பை 5 ஆக்குங்கள். இரண்டையும் ஒருமுறை மாற்றினால் போதும், அந்த மெஷினில் அப்படியே இருக்கும்.

இன்ஸ்டால் போடும்போது ‘பிரிஃபர் ஆஃப்லைன்’ கொடியைச் (கட்டளையின் பின்னால் போடும் விருப்பச் சொல்) சேர்த்துக்கொள்ளுங்கள். கேஷில் இருப்பதற்குப் புதிது வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல், இல்லாததை மட்டும் இறக்கும். ‘ஆஃப்லைன்’ என்று மட்டும் இன்னொரு கொடி உண்டு. அது நெட்டைத் தொடவே தொடாது, கேஷில் ஏதாவது குறைந்தால் பிழை காட்டி நின்றுவிடும். வீட்டுக்குப் போகுமுன் எல்லாம் இறங்கிவிட்டதா என்று பார்க்க நான் பயன்படுத்துவது இந்த இரண்டாவதைத்தான்.

எந்தத் தொடக்க மாதிரியில் ஆரம்பித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ரியாக்ட் என்ற திரை அமைக்கும் நூலகத்துக்கான கிரியேட் ரியாக்ட் ஆப் என்றால் அதை விட்டுவிடுங்கள். அதை நிறுத்தப்போவதாக ரியாக்ட் குழுவே இந்த பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. தவிர, அது இழுத்து வரும் பேக்கேஜ்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். எழுதிய ஆப்பை ஓட்டிப் பார்க்கவும் பில்ட் செய்யவும் உதவும் வீட் (Vite) கருவியின் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி என்றால் பத்துப் பதினைந்து பேக்கேஜில் முடிந்துவிடும். ஏலக் கணக்குக்கு அது தாராளம்.

19 ஏப்ரல்

கிரியேட் ரியாக்ட் ஆப்தான் என்று தம்பி சொல்லிவிட்டார். வீட் கருவிக்கு மாறியதும் ஹாட்ஸ்பாட்டிலேயே ஒரே மூச்சில் இறங்கிவிட்டதாம். சந்தோஷம்.

அடுத்த சிக்கல்: விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து என்பிஎம் என்று அடித்தால், ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வருகிறதாம். கோளாறு நோடில் (ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள், என்பிஎம் இதோடுதான் வரும்) இல்லை, விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பில். பழைய கமாண்ட் ப்ராம்ட் ஜன்னலைத் திறந்து அதில் அடித்தால் வேலை செய்யும். பவர்ஷெல்தான் வேண்டும் என்றால் எக்ஸிகியூஷன் பாலிசியை உங்கள் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட் சைன்டு’ என்று மாற்றலாம். ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ என்று மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எந்த நோட் பதிப்பு என்றும் கேட்டிருந்தார். 22. இரட்டைப்படைப் பதிப்புகளுக்குத்தான் நீண்டகால ஆதரவு கிடைக்கும். 18க்கு இந்த மாதம் 30ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது. அதை வைத்து எழுதிய பாடங்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன, கவனம்.

இன்னொன்று, இதைக் கேட்காமலே சொல்கிறேன். ப்ராஜெக்ட்டை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். பல லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் தாமாகவே மேகச் சேமிப்போடு இணைந்திருக்கும். நோட் மாட்யூல்ஸில் உள்ள ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அது பின்னால் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கும். டேட்டா எங்கே போனது என்றே தெரியாது. சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட்டும் அடங்கி இருக்கும்.

22 ஏப்ரல்

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) எழுதியிருக்கிறார். தெருப் பிள்ளைகளுக்கு வீட்டு மாடியில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஆளுக்கொரு இன்ஸ்டால் போட்டால் அவர் வீட்டு நெட் படுத்துவிடுகிறது. நோட் மாட்யூல்ஸை பென்டிரைவில் காப்பி செய்து கொடுத்தால் ஒருவனுக்கு ஓடுகிறது, இன்னொருவனுக்கு ஓடவில்லையாம்.

காரணம் உண்டு. வீட் கருவியின் உள்ளே இருக்கும் இஎஸ்பில்ட், ரோலப் இரண்டும் அந்தந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பிராசசருக்கும் தனித்தனியாகக் கட்டப்பட்ட பைனரிகளை (நேரடியாக ஓடும் ஃபைல்கள்) கொண்டவை. இன்ஸ்டால் நடக்கும் மெஷினுக்குப் பொருந்துவது மட்டும்தான் இறங்கும். லினக்ஸில் இறக்கியதை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் ஓடாது. அதோடு, பென்டிரைவில் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை எழுதுவதற்குள் மாலையாகிவிடும். அதன் ஃபைல் அமைப்பைப் பொறுத்து, சின்ன ஃபைல் ஒவ்வொன்றும் தன் அளவைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கவும் செய்யும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு விண்டோஸ் மெஷினில் புதிதாக முழு இன்ஸ்டால். பிறகு ‘என்பிஎம் கான்ஃபிக் கெட் கேஷ்’ என்று கேட்டால் கேஷ் எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்த ஃபோல்டரை ஒரே ஜிப்பாகக் கட்டி, நோட் இன்ஸ்டாலர் ஃபைலோடும், பேக்கேஜ் லாக் ஃபைல் (எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் ஃபைல்) உள்ள ப்ராஜெக்ட்டோடும் பென்டிரைவில் போடுகிறேன். பிள்ளைகள் தங்கள் மெஷினில் கேஷை அதே இடத்தில் விரித்துவிட்டு, ‘என்பிஎம் சிஐ’ கட்டளையை ஆஃப்லைன் கொடியோடு கொடுத்தால் முடிந்தது. ஒரு கேபி கூட நெட்டில் போகாது.

‘சிஐ’ ஏன், ‘இன்ஸ்டால்’ போதாதா என்றால், சிஐ லாக் ஃபைலில் உள்ள பதிப்புகளை அப்படியே எடுக்கும், ஒரு புள்ளி கூட மாற்றாது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பதிப்பு இருந்தால்தான் ஒருவன் பிழையை இன்னொருவன் திருத்த முடியும். லாக் ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று யாராவது சொன்னால், எதற்காக என்று கேட்காமல் செய்யாதீர்கள்.

23 ஏப்ரல்

என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் பற்றி ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர். நல்ல கருவி. ஒரு பேக்கேஜை வட்டில் ஒரே இடத்தில் வைத்து, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் அங்கிருந்தே இணைப்புக் கொடுக்கும். பத்து ப்ராஜெக்ட் வைத்திருப்பவருக்கு வட்டில் நிறைய இடம் மிஞ்சும். கற்றுக்கொள்ளும் தம்பிக்கு நோடோடு சேர்ந்தே வரும் என்பிஎம் போதும் என்பதால் எழுதவில்லை.

27 ஏப்ரல்

கூடப் படித்த நண்பர் சொன்னதை நான் முதல் நாள் ஒரே வெட்டாக வெட்டினேன். இரண்டு மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பேச்சில் நியாயமான பாதி ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்றைய பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை நேரடியாகவே புரிந்துகொள்ளும். ஸ்கிரிப்ட் டேகில் டைப் என்பதை மாட்யூல் என்று குறித்தால், ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலை இம்போர்ட் செய்துகொள்ளும். பில்ட் கருவியே தேவையில்லை. வீட் வேகமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். எழுதும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாமல், பிரவுசர் கேட்கும் ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. நோட் 22இலேயே டெஸ்ட் ஓட்டும் வசதியும், ஃபைல் மாறினால் தானாக மறுபடி ஓட்டும் வசதியும் உள்ளே இருக்கின்றன.

ஆக, பேக்கேஜ் எதுவும் இறக்காமல் ஒரு கணக்கு ஆப் எழுத முடியும். ஆனால் ஒரே எச்டிஎம்எல் ஃபைலில் எல்லாவற்றையும் திணிப்பது வேறு விஷயம். பல ஃபைலாகப் பிரித்து மாட்யூல் முறையில் எழுதி, அதை டபுள் கிளிக் செய்து திறந்தால், பாதுகாப்புக் காரணத்துக்காக பிரவுசர் மறுத்துவிடும். சிறியதாக ஒரு லோக்கல் சர்வர் வேண்டும். அந்த இடத்தில் கருவி தேவைப்பட்டுவிடுகிறது. பிறகு போனில் நெட் இல்லாமல் ஓட வேண்டும் என்று வரும்போது இன்னும் தேவைப்படும். கருவி வேண்டும், ஆனால் குறைவாக வேண்டும் என்பதுதான் என் நிலை.

குறைப்பதற்கு ஒரு உதாரணம். லட்சத்துக்கு நம் முறைப்படி 1,00,000 என்று கமா போட ஒரு பேக்கேஜ் தேடியிருக்கிறார் தம்பி. வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள இன்டல் நம்பர் ஃபார்மாட்டில் இந்திய வழக்கு என்று குறித்தால் அது பார்த்துக்கொள்ளும். எதையும் இறக்குமுன் மொழிக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம், நெட் குறைந்த ஊரில் இருப்பவருக்குக் காசு மிச்சம். சொல்லின் இடப்பக்கத்தை எழுத்தால் நிரப்பும், பதினோரு வரியே இருந்த லெஃப்ட் பேட் பேக்கேஜை 2016 மார்ச்சில் அதை எழுதியவர் எடுத்துவிட்டபோது, உலகம் முழுக்க எத்தனையோ ப்ராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. இப்போது அந்த வேலைக்கு மொழியிலேயே ‘பேட் ஸ்டார்ட்’ இருக்கிறது.

4 மே

ஆப் லேப்டாப்பில் ஓடுகிறது. அப்பா பயன்படுத்தப்போவது போனில். ஹோஸ்ட் கொடியோடு வீட் கருவியை ஓட்டி, போனில் லேப்டாப்பின் ஐபி முகவரியை அடித்தால் பக்கம் வருகிறது, ஆனால் இருப்பிடம் கேட்கவும் மாட்டேன் என்கிறது, சர்வீஸ் வொர்க்கரும் (நெட் இல்லாமலும் பக்கத்தைத் திறக்க வைக்கும் பின்னணி ஸ்கிரிப்ட்) பதிவாகவில்லை. தம்பி இதற்காக ஒரு இரவு முழுக்கக் கண் விழித்திருக்கிறார்.

அவர் எழுதிய நிரலில் குறையே இல்லை. இந்த வசதிகளைப் பாதுகாப்பான தளத்துக்கு மட்டும்தான் பிரவுசர் தரும். எச்டிடிபிஎஸ் வேண்டும், அல்லது லோக்கல்ஹோஸ்ட் (அந்த மெஷினுக்கே உள்ள முகவரி) ஆக இருக்க வேண்டும். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் எல்லாம் நடந்தது. போனில் வெறும் எச்டிடிபியில் 192 என்று தொடங்கும் முகவரி, அதனால் மறுக்கிறது.

இதற்குச் சான்றிதழ் எல்லாம் செய்யவேண்டியதில்லை. போனில் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளில் இணையுங்கள். லேப்டாப் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்று இருக்கும். வீட் ஓடும் போர்ட் 5173ஐ லோக்கல்ஹோஸ்ட் 5173க்குத் திருப்பிவிடுங்கள். இனி போனிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று அடிக்கலாம், பிரவுசர் எல்லா அனுமதியையும் தரும். வைஃபையும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். போனில் வரும் பிழைகளை லேப்டாப் திரையிலேயே படிக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

போன் பட்டியலில் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் கடைகளில் நிறைய. அடுத்து சாக்கெட்டைப் பாருங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பிடித்துவிடும். லேப்டாப்பை ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள், வேலை முடிந்தால் மூடிப் பைக்குள் வையுங்கள். வாடைக் காற்று மாதங்களில் இதை மறக்கவே கூடாது.

9 மே

நோட் 24 வந்துவிட்டது, மாறட்டுமா என்கிறார்கள். அக்டோபரில்தான் அது நீண்டகால ஆதரவுக்குள் வரும். அதுவரை 22.

21 மே

நெட் இல்லாமல் ஆப் திறக்க வேண்டும் என்பதற்கு வருவோம். ஏலக் கொட்டகையில் சிக்னல் இருக்கும் என்று நம்பி எழுதக் கூடாது. அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்து, ரோமிங் என்று சொல்லி டேட்டாவை நிறுத்திவிடும்.

பக்கத்தையும் படங்களையும் போனில் வைத்துக்கொள்வது சர்வீஸ் வொர்க்கர் வேலை. அதைக் கையால் எழுதிக் கஷ்டப்படாமல் வீட் கருவிக்கான பிடபிள்யூஏ (போனில் ஆப் போல நிற்கும் வலைப்பக்கம்) ப்ளக்இன்னைப் போடுங்கள். அது டெவலப்மெண்டில் இயல்பாக அணைந்திருக்கும். பில்ட் செய்து, ப்ரிவ்யூ ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ப்ரிவ்யூவின் போர்ட் 4173, அதையும் ஃபார்வர்டிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் 5173இலேயே தேடிக்கொண்டு, ப்ளக்இன் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பிரவுசருக்குள் தரவு வைக்க இரண்டு இடம் உண்டு. கணக்கை இண்டெக்ஸ்டு டிபியில் வையுங்கள், லோக்கல் ஸ்டோரேஜில் வேண்டாம். போனில் இடம் குறைந்தால் பிரவுசர் தானாகச் சில தளங்களின் தரவை அழிக்கக்கூடும். நேவிகேட்டர் ஸ்டோரேஜில் ‘பெர்சிஸ்ட்’ என்று கேட்டு, நிலையாக வைக்க அனுமதி வாங்குங்கள். அப்படியும் தினமும் ஒரு ஃபைலாக வெளியே எடுத்து வைக்கும் பொத்தான் ஒன்று அவசியம். இது வீட்டுச் செலவுக் கணக்கு அல்ல. படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம், ஐஸ், டீசல் முன்பணம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வரி தொலைந்தால் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சு நின்றுபோகும்.

எடையை கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் சரியாக 0.3 தராது.

18 ஜூன்

படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிவிட்டன, கடை திறந்தாகிவிட்டது, ஆப்பும் ஓடுகிறது. தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்: “விடியக்காலம் நாலரைக்கு ஏலம் முடிந்து போட்ட இறால் கணக்கு முந்தின நாள் தேதியில் விழுகிறது. எட்டு மணிக்குப் போட்ட நண்டு சரியான தேதியில் இருக்கிறது. அப்பா சிரிக்கிறார், படகு கரைக்கு வருமுன்னேயே மீனை வித்துட்டியாடா என்று.”

அப்பாவுக்கு என் வணக்கம். இந்தப் பிழை நம் கரையில் உடனே கண்ணில் படும், அலுவலக நேரத்தில் மட்டும் சோதிக்கிறவருக்கு மாதக்கணக்கில் தெரியாது. தேதியை ‘டு ஐஎஸ்ஓ ஸ்டிரிங்’ போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டியிருப்பார். அது தருவது உலகப் பொது நேரம் (யுடிசி). நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை நாம் எழுதும் எதுவும் அங்கே முந்தின நாள். மீன் தொழிலில் பாதி வியாபாரம் நடப்பதே அந்த நேரத்தில்தான்.

திருத்தம் சுலபம். நேர முத்திரையைப் பொது நேரத்திலேயே சேமியுங்கள், நாளைக் கணக்கிடும்போது மட்டும் ஏசியா கொல்கத்தா மண்டலத்தைக் குறிப்பிட்டு இன்டல் டேட் டைம் ஃபார்மாட்டில் எடுங்கள். ஆனால் திருத்திவிட்டு அப்படியே விடக் கூடாது. வீட் கருவியோடு சேர்ந்து ஓடும் டெஸ்ட் கருவியான வீடெஸ்ட்டில் கடிகாரத்தை நாமே வைக்க முடியும். காலை 4.30க்கு வைத்து ஒரு டெஸ்ட், 5.29க்கு ஒன்று, 5.31க்கு ஒன்று எழுதுங்கள். டெஸ்ட் ஓட்டும்போது நேர மண்டலத்தைக் குறிக்கும் டிசெட் என்ற சூழல் மாறியை யுடிசி என்று வைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். வெளியே சர்வரில் பில்ட் செய்யும்போது அங்கே இருப்பது பெரும்பாலும் யுடிசிதான்.

19 ஜூன்

அரிச்சல்முனையில் இலங்கை டவர் பிடித்தால் நேரம் மாறாதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் இதே ஐந்தரை மணிதான்.

மீன் பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் வரவில்லை, வாளை முதலிலும் வாவல் பின்னாலும் நிற்கிறது என்று இன்னொருவர். வெறும் சார்ட் போட்டால் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் ளகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. இன்டல் கொலேட்டரில் மொழி தமிழ் என்று கொடுத்தால் நம் வரிசை வரும். இதற்கும் பேக்கேஜ் வேண்டாம்.

2 ஜூலை

வீட் 7 வெளியாகியிருக்கிறது. நோட் 18 இனி அதற்கு ஆகாது, 20 என்றால் 20.19க்கு மேல், 22 என்றால் 22.12க்கு மேல் வேண்டும். கடையில் ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற அவசரம் இல்லை. மாற்றுவதாக இருந்தால் தனி ஃபோல்டரில் காப்பி எடுத்து, டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்த பிறகு மாற்றுங்கள். காக்காவின் வகுப்பு பழைய லாக் ஃபைலிலேயே ஓடட்டும்.

20 செப்டம்பர்

இந்த மாதம் நடந்ததைப் பற்றிப் பலரும் பயந்து எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி சாக், டீபக் முதலான, எல்லோரும் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் திருட்டு நிரல் நுழைந்தது. பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி அவர் கணக்கைப் பிடித்திருந்தார்கள். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே, ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பரவும் ஷாய் ஹுலூட் புழு வந்தது.

லாக் ஃபைலை வைத்துக்கொண்டு, சிஐ கட்டளையில், கேஷிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அன்று வெளியான கெட்ட பதிப்பு வந்து சேர வழியே இல்லை. டேட்டாவை மிச்சம் பிடிக்கச் சொன்ன அதே பழக்கம் இங்கேயும் காப்பாற்றியிருக்கிறது. இனிமேல் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றே இழுக்காதீர்கள், ஒரு வாரம் போகட்டும். இன்ஸ்டால் நேரத்தில் பேக்கேஜ்கள் தங்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதை ‘இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்’ கொடியால் தடுக்கலாம். அதைப் போட்டபின் ஏதாவது ஓடவில்லை என்றால், எந்தப் பேக்கேஜ் என்று பார்த்து அதற்கு மட்டும் ஸ்கிரிப்ட்டை அனுமதியுங்கள். பிஎன்பிஎம் 10 இதை இயல்பாகவே தடுக்கிறது. இந்த மாதம் வந்த 10.16இல், இத்தனை நேரம் பழையதாகாத பதிப்பை எடுக்காதே என்று சொல்லும் அமைப்பும் சேர்ந்திருக்கிறது. ஏப்ரலில் வேண்டாம் என்று விட்ட பிஎன்பிஎம்மை, இந்தக் காரணத்துக்காகக் கடை ஆப்புக்குப் போடச் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் லாக் ஃபைலை அனுப்புங்கள். திருட்டு நிரல் நுழைந்த பதிப்பு எதுவும் அதில் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.